‘கலர் பண்ணிக் கொடுங்க’: பழைய படங்களைச் சீர்செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூரில் எனக்குச் சின்னதாக ஒரு கடை. ஒரு ஸ்கேனர், ஒரு கம்ப்யூட்டர், வரைவதற்கு ஒரு பேனா டேப்லட், அவ்வளவுதான். கிழிந்த படம், வெள்ளத்தில் ஊறிய ஆல்பம், இறந்துபோனவரைச் சேர்க்க வேண்டிய கல்யாணப் படம் என்று கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வரும். வருகிறவர்கள் வேறு வேறு, கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

கலராக்கித் தருவீர்களா?

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம் உண்டு. கருப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் கொடுப்பது ஒன்று. ‘பொண்ணு கொஞ்சம் கலரா தெரியணும்’ என்பது இன்னொன்று. முதலாவதைச் செய்வேன். இரண்டாவதைச் செய்வதில்லை.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றதால் முகம் இருண்டிருந்தால் வெளிச்சம் ஏற்றித் தருகிறேன், அது கேமராவின் பிழை. நல்ல வெளிச்சத்தில் எடுத்த மாநிற முகத்தை வெளுக்கச் சொன்னால்தான் மறுக்கிறேன். தொழில் முறையில் பார்த்தாலும் அது கெட்ட வேலை: முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், வளையல் போட்ட கை மூன்றாவது நிறம். பெண் பார்க்க வருகிறவர்கள் ஆளை நேரில்தானே பார்க்கப் போகிறார்கள்?

கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தே அசல் நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது. சாம்பலில் வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் இருக்கிறது. அது சிவப்பா பச்சையா என்ற சேதி அதில் இல்லை. ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் படத்தில் ஒரே சாம்பலாக விழும்.

இதில் இன்னொரு வில்லங்கம். பழைய காலத்தில் ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற வகை ஃபிலிம் புழங்கியது. அதற்குச் சிவப்பு தெரியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே கழுவ முடிந்தது அதனால்தான். அந்த ஃபிலிமில் குங்குமம் கறுப்பாகும், வெற்றிலை போட்ட உதடு கறுப்பாகும், மாநிறம் ஒரு படி இருளும், நீல வானம் வெளுத்துப்போகும். ஆகவே ‘தாத்தா நல்ல கறுப்பு’ என்று படத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம், அது ஃபிலிமின் வேலையாகவும் இருக்கலாம்.

நெல்லிக்குப்பத்திலிருந்து அக்கா தங்கை இருவர் பெற்றோரின் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார்கள். அம்மாவின் கூறைப்புடவை அரக்கு என்றார் அக்கா. “இல்லக்கா, கத்தரிப்பூ கலரு” என்றார் தங்கை. தாய்மாமாவுக்குப் போன் போட்டால் அவர் பச்சை என்கிறார். படத்தில் இருந்ததோ கரும் சாம்பல் உடல், வெளிறிய சரிகைக் கரை. மூன்று நிறமும் பொருந்தும். அந்தப் புடவை என்ன ஆயிற்று என்று கேட்டேன். பிள்ளைகளுக்குத் தூளி கட்டிக் கிழிந்து, கடைசியில் ஒரு துண்டு பரணில் பாய் மூட்டையைக் கட்டும் கயிறாகிவிட்டதாம். மறுவாரம் அந்தத் துண்டோடு வந்தார்கள். வெளிப்பக்கம் வெளுத்துக் கிடந்தது. முடிச்சை அவிழ்த்ததும் உள்ளே நிறம் அப்படியே இருந்தது: பாவு சிவப்பு, ஊடை நீலம். ஒரு பக்கம் சாய்த்தால் அரக்கு, மறுபக்கம் சாய்த்தால் கத்தரிப்பூ. அக்காவும் சரி, தங்கையும் சரி. மாமா மட்டும் இன்னும் பச்சை என்றே சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

துண்டை ஒரு வெள்ளைத்தாள் மேல் வைத்து, நிழலில், பகல் வெளிச்சத்தில் படமெடுத்தேன். தாள் வெள்ளையாக வரும்படி சரிசெய்தால் துணியின் நிறமும் சரியாக வரும். மடிப்பின் மேடுகளுக்கு அரக்கையும் பள்ளங்களுக்குக் கத்தரிப்பூவையும் கொடுத்தபோதுதான் அது பட்டுப்புடவையாயிற்று. அதுவரை நைலான் மாதிரி இருந்தது.

ஆக, நிறம் கேட்டு வருகிறவர்கள் படத்தோடு வீட்டுச் சாட்சியையும் கொண்டுவர வேண்டும். துணி, நகை, இன்னும் அதே பெயின்ட் இருக்கும் கதவு, எதுவானாலும் சரி. சாட்சி இல்லாத இடத்தில் நான் மங்கலான நிறம் கொடுப்பேன், அது என் ஊகம் என்றும் சொல்லிவிடுவேன்.

சீருடைப் படங்களுக்கு நிறம் கொடுப்பீர்களா?

கொடுப்பேன், ஆனால் தாமதமாகும். புதுச்சேரியிலிருந்து சொல்தா வீட்டுப் படங்கள் வருகின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த தாத்தாக்கள், சிலர் வியட்நாமின் சைகோனில் எடுத்துக்கொண்ட படங்கள். இதில் வீட்டார் நினைவு போதாது, ஏனென்றால் சீருடைக்கு விதி உண்டு. பதக்க ரிப்பன் கூடத் தகவல்தான். மெதாய் மிலித்தேர் என்ற பிரெஞ்சு ராணுவப் பதக்கத்தின் ரிப்பன் நடுவில் மஞ்சள், இரண்டு ஓரமும் பச்சை. லெழியோன் தொனேர் என்ற பிரெஞ்சு விருதுக்கு முழுச் சிவப்பு. சாம்பல் படத்தில் ரிப்பனில் கோடு தெரிகிறதா இல்லையா என்பதே பாதி பதில். சேவைப் புத்தகமோ ஓய்வூதியக் காகிதமோ இருந்தால் கூடவே எடுத்து வாருங்கள்.

நிறம் எப்படிக் கொடுக்கிறீர்கள்? நானே வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. காசு கொடுத்து மென்பொருள் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஃபோட்டோஷாப் 1990-இல் வந்தது, இப்போது சந்தா கட்ட வேண்டும். கிம்ப் 1996-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 2025-இல் அதன் 3.0 பதிப்பு வந்த பிறகு, அசலைக் கெடுக்காமல் ஃபில்டர் போட்டுப் பின்னால் மாற்றிக்கொள்ளும் வசதியும் சேர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் சொல்லும் எல்லா வேலையையும் இரண்டிலும் செய்யலாம்.

முதலில் கருப்பு வெள்ளையைச் சரியாக்குங்கள். கீறல், மடிப்பு, கறை எல்லாம் போய், கர்வ்ஸ் கருவியால் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வந்த பிறகுதான் நிறம். அடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு புது லேயர் (படத்தின் மேல் விரிக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) போட்டு, அது கீழே இருக்கும் படத்தோடு கலக்கும் விதமான பிளெண்டிங் முறையைக் ‘கலர்’ என்று மாற்றுங்கள். இந்த முறையில் கீழே இருக்கும் படத்தின் வெளிச்சமும் நிழலும் அப்படியே நிற்கும், நிறம் மட்டும் மேலே ஏறும். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் பிரின்ட்டின் மேல் பிரஷ்ஷால் மெல்லிய சாயம் தீட்டுவார்களே, அதே வித்தைதான். அழிக்க ரப்பர் எடுக்காதீர்கள், மாஸ்க் போடுங்கள், அது வேண்டாத இடத்தை அழிக்காமல் மறைக்கும் திரை. மாஸ்க்கில் தப்பினால் திரும்ப வரலாம்.

தோலில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒரே பழுப்பை முகம் முழுக்கத் தடவினால் மண் பொம்மை கிடைக்கும். நெற்றியில் மஞ்சள் சற்றுக் கூடுதல். கன்னம், மூக்கு நுனி, காது மடல் ஆகியவற்றில் ரத்தம் ஓடுவதால் சிவப்புக் கூடுதல். மழித்த தாடையில் லேசான சாம்பல். கண்ணின் வெள்ளை வெள்ளையே அல்ல, பற்களும் அப்படித்தான். வெள்ளை வேட்டியின் நிழலில் ஒரு துளி நீலம் வையுங்கள், சலவைக்குப் போட்டது போல எழும்பும். எல்லாம் முடிந்ததும் நிறத்தின் அழுத்தத்தைக் கால்வாசி குறைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். குறைத்ததுதான் சரியாக இருக்கும்.

இதையெல்லாம் செல்போனில் ஏஐ ஒரு நிமிஷத்தில் செய்துவிடுகிறதே?

செய்கிறது. நானும் பயன்படுத்துகிறேன், பின்னணிச் சுவரில் இருக்கும் கீறலுக்கு, கிழிந்த மூலைக்கு. முகத்துக்கு மட்டும் விடுவதில்லை.

மங்கிய முகத்தை அது தெளிவாக்குவதில்லை, புது முகம் போடுகிறது. படத்தில் கண் இருக்கும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளிதான் இருக்கிறது என்றால், இமை முடி வரைக்கும் அது எங்கிருந்து எடுக்கும்? தான் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான முகங்களிலிருந்து. வெளிவருகிறவர் உங்கள் ஆயா மாதிரி ஒரு ஆயா. பேரப்பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. கூடப் பிறந்தவர்களிடம் காட்டுங்கள், ‘யாரு இது?’ என்பார்கள். ஏஐ கொடுத்ததை அசலுக்கு மேல் ஒரு லேயராக வைத்து, முகத்தை மாஸ்க் போட்டு விலக்கிவிட்டு, மீதியை மட்டும் எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

முகத்தில் எதையெல்லாம் எடுப்பீர்கள்?

பரு, வேர்க்குரு, சவரத்தில் பட்ட வெட்டு, ஃபிளாஷில் பளபளத்த எண்ணெய். மச்சம், தழும்பு, சுருக்கம் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். சுருக்கத்தின் நிழலை வேண்டுமானால் கொஞ்சம் இளக்கலாம்.

தூசி கீறல் நீக்கும் தானியங்கி ஃபில்டர் இருக்கிறதே, அதற்கு நல்லது கெட்டது தெரியாது. நான் புதிதில் ஒரு அம்மாளின் படத்தை அப்படி ஒரே அமுக்கில் சுத்தம் செய்து, லேமினேஷன் போட்டுக் கொடுத்தும் விட்டேன். மகன் அன்று மாலையே திரும்பி வந்தார். “அண்ணே, அம்மா மூக்குத்தி எங்க?” படத்தில் அது ஒரு வெள்ளைப் புள்ளி. தூசியும் வெள்ளைப் புள்ளி. ஃபில்டர் இரண்டையும் கூட்டித் தள்ளிவிட்டது. கூடவே கன்னத்திலிருந்த அம்மைத் தழும்பும் போயிருந்தது. இந்தியாவில் பெரியம்மை 1975 வரை இருந்ததால் அந்தத் தலைமுறைப் படங்களில் அந்தத் தழும்பு சகஜம். அன்றிலிருந்து முகத்துக்குள், பக்கத்துத் தோலை எடுத்துப் பூசி மறைக்கும் ஹீலிங் பிரஷ்தான், ஒவ்வொரு புள்ளியாக, அசலைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு.

இறந்துபோன அப்பாவைக் கல்யாணப் படத்தில் சேர்க்க முடியுமா?

அதிகம் வருவது இந்த வேலைதான். முடியும். எவ்வளவு நன்றாக முடியும் என்பது கையிலிருக்கும் படத்தைப் பொறுத்தது.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வந்தார். 2004 சுனாமியில் வீட்டு ஆல்பம் போய்விட்டது. அப்பாவுக்கு மிஞ்சியது ஒரு அடையாள அட்டையில் ஒட்டியிருந்த கருப்பு வெள்ளை பாஸ்போர்ட் சைஸ் படம். அதிலும் கன்னத்தின் மேல் பாதி வட்டமாக ஊதா ரப்பர் ஸ்டாம்ப். அழித்தால் கன்னமும் போகும். ஆனால் ஊதா மையைக் கலரில் ஸ்கேன் செய்து சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலையும் தனித்தனியாகப் பார்த்தால், பச்சைச் சேனலில் ஸ்டாம்ப் கன்னங்கரேலென்று நிற்கும், நீலச் சேனலில் கிட்டத்தட்டக் காணாமல்போகும். நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். கன்னம் முழுசாக வந்தது.

முகம் கிடைத்தது, உடம்பு? இணையத்தில் கிடைக்கும் கோட்டு சூட்டு உடம்பில் தலையை ஒட்டுவது சுலபம், பார்க்கச் சகிக்காது. கோட்டே போடாத மனிதருக்குக் கோட்டு எதற்கு? அவருடைய தம்பியை வரச் சொன்னேன். கல்யாணப் படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து, கேமரா நெஞ்சு உயரத்தில். அதே மாதிரி, சித்தப்பாவை வெள்ளை வேட்டி சட்டையில், கடை வாசலில், இடப்பக்கம் வெளிச்சம் விழ நிற்கவைத்து, நெஞ்சு உயரத்திலிருந்து எடுத்தேன். கேமரா உயரம் தப்பினால் எவ்வளவு நகாசு பண்ணினாலும் ஆள் மிதப்பார்.

மீதி எல்லாம் பொறுமை. தலையின் அளவைப் பக்கத்தில் நிற்பவர்கள் தலையோடு ஒப்பிட வேண்டும். அட்டைப் படம் நேரே முகத்தில் வெளிச்சம் அடித்து எடுத்தது, அதனால் 50 சதவீத சாம்பல் லேயரை ‘சாஃப்ட் லைட்’ முறையில் வைத்து (இந்த முறையில் அந்தச் சாம்பல் கண்ணுக்குத் தெரியாது, அதில் கறுப்பு தீட்டிய இடம் மட்டும் இருளும்), வலக்கன்னத்தை மெல்ல மெல்ல இருட்டாக்கினேன். புதுப் படத்தின் மிக இருண்ட கறுப்பும் ஒட்டிய ஆளின் கறுப்பும் ஒன்றாக வேண்டும். ஓரங்களைக் கத்தரித்தது போல விடக்கூடாது, கேமராவில் எந்த ஓரமும் அப்படிக் கூர்மையாக விழாது. பழைய படத்தின் புள்ளிப்புள்ளியான தன்மையைக் குறைத்து, பிறகு மொத்தப் படத்துக்கும் ஒரே அளவில் நாய்ஸ் தூவ வேண்டும். கடைசியாகச் செருப்புக்குக் கீழே ஒரு விரற்கடை அகலத்துக்கு அடர்ந்த நிழல். அது விழுந்தால்தான் கால் தரையில் படும்.

நடுவில் நிறுத்தச் சொன்னார்கள். பின்வரிசையில், அம்மாவுக்குப் பின்னால் நிறுத்தினேன், பாதி உடம்பு மறைந்துவிட்டால் பொய்யும் பாதியாகும். படத்தை வாங்கிப் பார்த்த பெண் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “தோள் அப்பா தோள் மாதிரியே இருக்கு” என்றார். இருக்காதா, தம்பி தோளாயிற்றே.

சேலை நிறத்தை, சட்டை நிறத்தை மாற்ற முடியுமா?

சிவப்பை நீலமாக்குவது எளிது. வெள்ளைக்கு நிறம் ஏற்றுவது கொஞ்சம் வேலை, மடிப்பின் நிழல் போகாமல் நிறம் படியும் ‘மல்டிப்ளை’ முறையில் ஏற்ற வேண்டும். கறுப்பை வெளிர் நிறமாக்குவதுதான் தலைவலி, கறுப்புக்குள் மடிப்பே இருக்காது, வெளிச்சம் ஏற்றினால் மணல் மணலாக எழும்பும்.

பலரும் மறக்கும் ஒன்று: சிவப்புப் பட்டு கட்டியவரின் தாடைக்கு அடியிலும் உள்ளங்கையிலும் அந்தச் சிவப்பு அடித்திருக்கும். சேலையைப் பச்சையாக்கிவிட்டுத் தாடையில் சிவப்பை விட்டால், என்னவென்று தெரியாமலே பார்ப்பவருக்கு உறுத்தும்.

எண்பதுகளில் எடுத்த கலர் ஆல்பம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

அந்தக் காலக் கலர் பிரின்ட்டில் நீலப்பச்சைச் சாயம்தான், பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாலும், பெரும்பாலும் முதலில் சாகும். அது போனதும் சிவப்பு தலைதூக்கும். லெவல்ஸ் கருவியில் மூன்று சேனலையும் தனித்தனியே திறந்து, அதில் மலை மாதிரி தெரியும் வெளிச்ச வரைபடம் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இரு முனைகளையும் இழுத்துவிடுங்கள். பாதிப் படம் அதிலேயே திரும்பிவிடும். சாயம் அறவே போயிருந்தால் அந்த இடத்துக்குக் கையால் நிறம் கொடுக்க வேண்டியதுதான்.

சின்னப் படத்தை எவ்வளவு பெரிதாக்கலாம்?

3.5 க்கு 4.5 சென்டிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 1650 க்கு 2125 புள்ளி. 300 டிபிஐயில் பிரின்ட் போட்டால் 5 க்கு 7 அங்குலம் நன்றாக வரும். படத்திறப்புக்கு 12 க்கு 18 வேண்டும் என்றால், பத்தடி தள்ளி நின்று பார்ப்பதற்குப் பரவாயில்லை. ஸ்கேனரில் எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் விவரம் கூடாது, காகிதத்தின் நார்தான் தெரியும். போஸ்ட்கார்டு சைஸுக்கு 600 போதும்.

தேன்கூடு மாதிரி சொரசொரப்பான பேப்பரில் இருந்தால், படத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி மேலதைப் பாதி ஒளிபுகுமாறு வையுங்கள். சொரசொரப்பின் நிழல்கள் எதிரெதிராக விழுந்து பெரும்பாலும் அடங்கிவிடும்.

போனில் எடுத்து அனுப்பலாமா?

தூரத்தில் இருந்தால் அனுப்புங்கள். வாசல் பக்கம் தரையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே தட்டையாகப் பிடித்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் அது பிழிந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

வெள்ளத்தில் நனைந்த ஆல்பத்தை என்ன செய்வது?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அடுத்து பெண்ணையாறு பெருகியபோது, ஒரே வாரத்தில் ஒரு வருஷத்துக்கான படங்கள் வந்தன. பலர் நல்லெண்ணத்தில் செய்த ஒரு காரியம்தான் அதிகம் கெடுத்தது: மொட்டை மாடியில் வெயிலில் காயப்போட்டது. சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் முகம் எதிர்ப் படத்தோடு போயிற்று.

ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றையும் போனில் எடுத்துவிடுங்கள். அப்புறம், ஸ்டுடியோவில் கழுவிய படங்களை மட்டும் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். படத்தின் முகத்தில் விரல் படக்கூடாது, படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு ஊறி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஒட்டியவை தண்ணீரிலேயே தானாகப் பிரியும். நிழலில் துணி விரித்து முகம் மேலே பார்க்கக் காயவிடுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரின்ட்டைத் தண்ணீரில் போடாதீர்கள், மை கரையும். ஏராளமாக இருக்கிறது, வீடும் ஈரம் என்றால், பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். இரண்டு நாளைக்குள் இதைச் செய்யாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

பிரிக்காதீர்கள். ஃபிரேமைக் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள், கண்ணாடி வழியாகவே ஸ்கேன் செய்யலாம். கண்ணாடி மேலிருக்கும் சந்தனப் பொட்டைத் துடைக்கலாமா என்று உங்களைக் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். கண்ணாடி இல்லாமல் படத்தின் மேலேயே பொட்டு வைத்திருந்தால் அதை நீங்களும் சுரண்ட வேண்டாம்.

எதைச் செய்ய மாட்டீர்கள்?

சான்றிதழ், பத்திரம், கையெழுத்து. அரசு அடையாளத்துக்கான படத்தில் முகத்தைத் திருத்துவது. சம்மதம் இல்லாமல் ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் ஒரே படத்தில் நிறுத்துவது. ‘சும்மா விளையாட்டுக்கு அண்ணா’ என்று வருவார்கள். வாசல் அந்தப் பக்கம்.

எவ்வளவு ஆகும்?

படத்தைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். மடிப்பு சுவரில் விழுந்திருந்தால் அரை மணி நேரம், கண்ணில் விழுந்திருந்தால் ஒரு நாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வேண்டும் என்றால் பதினைந்தாம் நாள் வராதீர்கள்.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டுமா?

கேட்காமலே செய்துவிடுவேன். ஸ்டுடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சிலால் எழுதிய ஒரு பெயர், எல்லாம் அங்கேதான் இருக்கும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்படமாக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட வேலைக்கெல்லாம் பின்பக்கம்தான் ஊர் பேர் சொல்லும்.

உங்கள் வீட்டுப் படங்களிலும் எழுதி வையுங்கள், மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். சமீபத்தில் வந்த ஒரு படத்தில் பின்னால் ‘பெரியப்பா’ என்று அழுத்தி எழுதியிருந்தார்கள், முன்பக்கம் பெரியப்பா நெற்றியில் அது கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிப் புடைத்துக்கொண்டு நின்றது. அதை எடுக்க எனக்கு ஒரு மதியம் பிடித்தது.